வறுமை ஒழிந்ததாகச் சொல்லப்படும் மாநிலத்தின் எல்லை மலைகள்

புது தில்லி: நாட்டிலேயே வறுமை மிகக் குறைந்த மாநிலம் கேரளம். நீதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி அங்கு வறியவர்கள் 0.55 சதவீதம் மட்டுமே. "அதீத வறுமை இல்லாத மாநிலம்" என்று 2025 நவம்பர் 1-இல் மாநில அரசு அறிவிக்கவும் செய்தது. கணக்கெடுத்த முறை குறித்துப் பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பினர். தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மலைப்பகுதிகளின் அனுபவம் அக்கேள்விக்கு வலுச் சேர்க்கிறது.

கோவை மாவட்டம் ஆனைகட்டியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் இங்கு 2013-இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாரின் ரத்தசோகையும் ஊட்டச்சத்துக் குறைவும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவற்றுக்கும் பின்னால் இருந்தது, ராகியும் சாமையும் விளைந்த நிலங்கள் பழங்குடியினரின் கையைவிட்டுப் போனதுதான்.

ரேஷன் அரிசியால் மட்டும் தீரும் சிக்கலல்ல இது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ மகளிர் இயக்கம், மத்திய அரசின் ஊரக வாழ்வாதாரத் திட்ட நிதியுடன் இங்கு தனித் திட்டம் வகுத்தது. பழங்குடிப் பெண்களின் குழுக்கள், சமுதாயச் சமையற்கூடங்கள், சிறுதானியச் சாகுபடி என அது விரிந்தது. பழங்குடியினரிலிருந்தே களப்பணியாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆயினும் 2021 நவம்பரில் மீண்டும் சிசு மரணங்கள் நிகழ்ந்தன. உணவு வந்தது, நிலம் வரவில்லை.

தேனி மாவட்ட எல்லைக்கு அப்பால், இடுக்கியின் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறைகளாக உழைக்கின்றனர். தங்குவது தோட்ட நிர்வாகத்தின் லயங்களில். வேலை போனால் வீடும் போகும். 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் பெண் தொழிலாளர்களே போராடிக் கோரிக்கையை வென்றனர். ஆனால் வீடு மாறவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்கள் புதையுண்டு 70 பேர் பலியாயினர்.

வீட்டைப் போலவே சான்றிதழும் இவர்களுக்கு எட்டாத ஒன்று. பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950-க்கு முன்பே முன்னோர் கேரளத்தில் குடியேறியதை நிரூபித்தால்தான் அங்கு சாதிச் சான்றிதழ் கிடைக்கும். 2021-இல் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற ஏ.ராஜாவின் தேர்தலை 2023-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மதமும் முன்னோர் குடியேறிய காலமும் வழக்கில் கேள்விக்குள்ளாயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரது வெற்றியை உறுதி செய்தது. சட்டமன்ற உறுப்பினரே தில்லி வரை வர வேண்டியிருந்தது. கொழுந்து பறிப்பவரின் மகள் எங்கே போவாள்?

பழைய தோட்டப் பதிவேட்டையும் பள்ளிச் சான்றிதழையும் தேடியெடுத்து, மனு எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லும் சமூகப் பணியாளரே அவளுக்குத் துணை. ஆனால், நிலத்தையோ வீட்டையோ அவரால் வழங்க முடியாது. அது அரசின் கடமை. வறுமை ஒழிந்தது என்ற அறிவிப்பு அந்தக் கடமையை முடித்துவைக்கவில்லை.