உஷார்! அந்தப் புட்டி ட்யூபைக் கீழே வையுங்கள்

ஸ்பிட்ஃபயர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்டைப் பிரித்து, உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டி, இறக்கையையும் பொருத்தியாயிற்று. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு. கை தானாகவே புட்டியைத் தேடும். நல்ல மாடல்கள் பாழாவது பெரும்பாலும் அந்த நிமிஷத்தில்தான்.

கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரின். ட்யூபில் வரும் சாம்பல் நிறப் புட்டிகளில் பெரும்பாலானவை கரைப்பான் கலந்தவை. கரைப்பான் ஆவியானால்தான் புட்டி இறுகும். அதுவரை அடியிலிருக்கும் பாலிஸ்டைரினையும் அது இளக்கிக்கொண்டே இருக்கும். மெல்லிசாகப் பூசினால் தொல்லையில்லை, பிடிப்புக்கு நல்லதுகூட. கனமாக அப்பினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். தேய்த்து, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைத்து எல்லோரிடமும் காட்டிய பிறகு புட்டி சாவகாசமாகச் சுருங்கும். மூட்டு இருந்த இடம் பள்ளமாகத் தெரியும். இறக்கையின் பின்விளிம்பு போன்ற மெலிந்த இடமென்றால் பிளாஸ்டிக்கே நெளிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் பெயின்ட் கடையில் என்.சி. புட்டி வாங்குகிறவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். அது இரும்புத் தகட்டுக்கான சரக்கு. அதை இளக்கும் தின்னர் பாலிஸ்டைரினைக் கரைத்தேவிடும்.

புட்டியே போடாவிட்டாலும் இதே ஆபத்து உண்டு. திரவப் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டவைக்கிறது. மறுநாளே தேய்த்துச் சமமாக்கினால், மிச்சமிருக்கும் கரைப்பான் வெளியேறியதும் மூட்டு உள்வாங்கி, பெயின்டுக்கு அடியிலிருந்து கோடு மறுபடி எழும். சில நாட்களாவது விட்டுவையுங்கள். மூக்கருகே பிடித்தால் வாடை வருகிறதா? இன்னும் காயவில்லை.

சரி, சூப்பர் க்ளூவால் அடைக்கலாமே என்பீர்கள். அடைக்கலாம். அது பிளாஸ்டிக்கைக் கரைக்காது, பெரிதாகச் சுருங்காது. ஆனால் ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். காலையில் உப்புத்தாளைப் போட்டால் பிளாஸ்டிக் குழியும், க்ளூ மேடாக நிற்கும். ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். காக்பிட் கண்ணாடிக்குப் பக்கத்தில் அதைத் திறக்கவே வேண்டாம். ஆவி படிந்து கண்ணாடி வெள்ளை பூத்துவிடும்.

இதையெல்லாம்விட மோசமானது ஒன்று. வழிந்த சூப்பர் க்ளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள்! பருத்தியில் பட்டதும் க்ளூ மளமளவென்று இறுகும். அப்போது கிளம்பும் சூடு தோலைப் பொசுக்கிவிடும், புகையும் வரும். சட்டையில் கொட்டினாலும் இதே கதிதான்.

தேய்க்கும்போது வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூசு பறக்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும். பசை, புட்டி, தின்னர் மூன்றின் ஆவியும் தீப்பிடிக்கும் என்பதால், மேஜைக்கடியில் கொசுவர்த்தி புகையும் அறையில் இந்த வேலை ஆகாது.

உண்மையில் இறக்கை இடுக்குக்குப் பல சமயம் புட்டியே தேவைப்படாது. உடற்பகுதியின் பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே இறக்கையை வைத்துப் பாருங்கள். கிட் பாகங்களைத் தாங்கிவரும் சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்ளே குறுக்காக முட்டுக்கொடுத்தால் உடல் கொஞ்சம் அகன்று இடுக்கு மூடிக்கொள்ளும். அப்புறமும் மயிரிழை தெரிந்தால் நீரில் கரையும் அக்ரிலிக் புட்டி போதும். வழிந்ததை ஈர பட்ஸால் துடைத்தெடுக்கலாம். தேய்க்க வேண்டாம், ரிவெட்டுகளும் தப்பிக்கும். ஆழமான பள்ளத்துக்கு மட்டும் இது சரிப்படாது.

கோடு கண்ட இடமெல்லாம் அடைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். இறக்கையின் அசையும் பாகங்களான ஐலரான், ஃப்ளாப் இவற்றின் கோடுகள் அசல் விமானத்தில் இருப்பவை, கை வைக்காதீர்கள். மஸ்டாங் போர் விமானத்தின் விஷயம் நேரெதிர். அதன் இறக்கையின் முன்பகுதியில் தகட்டு மூட்டுகளைத் தொழிற்சாலையிலேயே புட்டி பூசி மழமழப்பாகத் தேய்த்துத்தான் அனுப்பினார்கள், காற்று தடங்கலின்றி வழுக்கிப் போக. கிட்காரர்கள் அதே இடத்தில் ஆழமாகக் கோடு கீறி வைத்திருந்தால், அங்கே தாராளமாகப் புட்டி போடலாம்.