கரைமண் எங்கே போயிற்று?

விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவாத மாணவர் நம்மில் இலர். அக்கரையின் மண் அவ்வப்போது கடலோடு போய்விடுவதும், துறைமுகத்தில் தூர் வாரிய மணலைக் கொணர்ந்து அங்கே கொட்டுவதும் நாம் அறிந்தவையே. "கடல் பொங்கிக் கரையை விழுங்குகிறது" என்று சொல்லி நடந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்திற்குப் போனபோது அவ்வெண்ணம் மாறிற்று. பாதி இடிந்த வீட்டுத் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர், "கடல் ஒண்ணும் புதுசா வரலே தம்பி, மண்ணுதான் வராம போச்சு" என்றார். அச்சொல்லின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கிழக்குக் கரை ஓர் ஆற்றைப் போன்றது. அதில் ஓடுவது மணல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சிறிது வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் இவ்வோட்டம் தெற்கே திரும்பும். ஆயினும் அப்பருவம் குறுகியது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது. அலை அரித்துச் சென்ற மண்ணைத் தெற்கிலிருந்து வரும் மண் ஈடு செய்வதாலேதான் கரை நிலைத்து நிற்கிறது.

இவ்வோட்டத்தின் குறுக்கே கல்லால் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? தெற்கே மணல் குவியும். வடக்கே கரை பட்டினி கிடக்கும். சென்னையில் 1876இல் துறைமுக வேலை தொடங்கிய பின், தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் தேய்ந்தது. புதுச்சேரியில் 1986 முதல் 1989 வரை துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே தேங்கிய மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் வேலை போதிய அளவில் நடைபெறவில்லை. நகரத்தின் மணற்கரை மறைந்தது.

கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். கல் நகரத்தைக் காத்தது, மண்ணைத் தரவில்லை. கற்சுவர் முடிந்த இடத்திற்கு அப்பால் அரிப்புத் தொடங்கிற்று. ஒரு குப்பத்திற்குக் கல் வந்தால், அதற்கு வடக்கே உள்ள குப்பம் வீடிழந்தது. இவ்வாறு அரிப்பு மாநில எல்லையையும் தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று நடந்து சென்றது.

போவது வீடு மட்டுமன்று. படகை ஏற்றி வைக்கவும், கரைவலை இழுக்கவும், பெண்கள் கருவாடு காய வைக்கவும் மணல்வெளி வேண்டும். கற்குவியலின் மேல் படகு ஏறுமா? கரை போனால் தொழிலும் போகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் 2018இல் கடலடியில் ஒரு செயற்கைத் தடுப்பு அமைத்தார்கள். அதனருகே மணல் மீண்டும் சேர்ந்தது. தேங்கிய மணலை ஆண்டுதோறும் வடக்கே சேர்ப்பதும் தக்க வழியே. விசாகையில் நாம் வேடிக்கை பார்க்கும் வேலையும் இவ்வகையைச் சேர்ந்ததுதான்.

துறைமுகமே வேண்டா என்பதன்று என் வாதம். அதன் செலவுக் கணக்கில் மணலும் சேரவேண்டும் என்பதே. நண்பர்களே, நம்மில் பொறியியல் பயில்வோர் பலர். நாளை ஏதேனும் ஒரு துறைமுகத்தின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரலாம். அதற்கு வடக்கே உள்ள குப்பம் அப்படத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.