சன்ஸ்க்ரீன் ரசாயனம் ரத்தத்தில் கலக்கிறதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

'சன்ஸ்க்ரீன் போட்டா கேன்சர் வரும்' என்கிறது ஒரு ரீல்ஸ். 'போடலைன்னாதான் வரும்' என்கிறது அடுத்த ரீல்ஸ். இந்தக் குழப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) நடத்திய 2 ஆய்வுகள்.

ஆய்வில் என்ன தெரிந்தது?

2019-ல் வெளியான ஆய்வில் 24 பேர் பங்கேற்றனர். உடலின் 75 சதவீதப் பரப்பில், தினமும் 4 முறை, 4 நாட்களுக்கு சன்ஸ்க்ரீன் பூசப்பட்டது. அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன் உட்பட சோதிக்கப்பட்ட 4 ரசாயனங்களும் ரத்தத்தில் கலந்திருந்தன. 2020-ல் 48 பேரிடம் 6 ரசாயனங்களைச் சோதித்தபோதும் இதே முடிவுதான்.

அப்போ ஆபத்தா?

இந்த ரசாயனங்கள், ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற அளவைத் தாண்டின. ஆனால் அது நச்சு அளவு அல்ல. அதைத் தாண்டினால் கூடுதல் பாதுகாப்புச் சோதனை தேவை என்பதற்கான கோடு மட்டுமே. சன்ஸ்க்ரீனை நிறுத்த வேண்டாம் என்றும் ஆய்வாளர்களே கூறினர்.

அதிகம் கவலை தருவது ஆக்ஸிபென்சோன். விலங்குச் சோதனைகளில் அது ஹார்மோன்களைப் பாதிப்பது தெரியவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல், உடலில் பூசும் க்ரீம்களில் இதன் உச்ச அளவை 6 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாகக் குறைத்தது.

பென்சீன் சர்ச்சை என்ன?

2021-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சில ஸ்ப்ரே சன்ஸ்க்ரீன்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் இருந்த பென்சீன், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆனால் அது சன்ஸ்க்ரீனின் மூலப்பொருள் அல்ல, கலப்படமாகச் சேர்ந்தது.

பூசாமல் விட்டால்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1,621 பேரிடம் 1992-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொல்லப்பட்ட குழுவில் 11 பேருக்கு மெலனோமா எனும் தோல் புற்றுநோய் வந்தது. விருப்பப்பட்டபோது மட்டும் பூசிய குழுவில் 22 பேருக்கு வந்தது.

என்ன செய்யலாம்?

* தயக்கம் இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்க. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டையும் பாதுகாப்பானவை என 2019-ல் எஃப்.டி.ஏ. வகைப்படுத்த முன்வந்தது. மாநிறத் தோலில் சாம்பல் பூத்த மாதிரி தெரியலாம். டின்ட் கலந்த வகை அதற்குத் தீர்வு.
* ஸ்ப்ரே என்றால் முகத்துக்கு நேரே அடிக்காதீங்க. கையில் எடுத்துப் பூசுங்க.
* 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழலும் பருத்தி ஆடையும் போதும்.
* முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை இருந்தால் பூச வேண்டிய அளவே குறையும்.