கொல்லை வேம்பில் நாரைக் கூடு

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் இருக்கிறது கூந்தன்குளம். நல்ல மழை பெய்த ஆண்டில், பிப்ரவரி வாக்கில் போய்ப் பாருங்கள். பறவைகளைத் தேடிக் குளக்கரை வரை நடக்க வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை வேம்புகளில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். மரத்தடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம். ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் விளைச்சல் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவை மிரளக் கூடாதென்று வெடி போடுவதையும் தவிர்க்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு வேதியியலும் சாட்சி சொல்கிறது. மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர் குளத்துக்கு வருகிறது, மீன் பெருகுகிறது, நாரையும் கூழைக்கடாவும் மீனைத் தின்கின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். நைட்ரஜன் நிறைந்த அதை நுண்ணுயிர்கள் சிதைத்துப் பயிர் உறிஞ்சக்கூடிய உப்பாக்குகின்றன. கூடவே பாஸ்பரசும் சேர்கிறது. மடையைத் திறந்தால் வயலுக்குப் பாய்வது உரம் கரைந்த தண்ணீர்.

மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிப்பதைப் பொறுமையாகக் கவனியுங்கள். அலகைப் பாதி திறந்து, கலங்கிய தண்ணீருக்குள் அமிழ்த்தி, காலால் சேற்றைக் கிளறும். மீன் அலகில் பட்ட நொடியிலேயே வாய் மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதைவிடத் தொடு உணர்வை நம்பும் வேட்டை அது. ஆகவே அதற்கு வேண்டியது ஆழமில்லாத நீர். குளம் வறண்டாலும் பட்டினி. கரை ததும்ப நிறைந்தாலும் அது நிற்க இடம் குறைவு.

தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு மேயும் வரித்தலை வாத்துகளும் இங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மங்கோலியா, திபெத் போன்ற பகுதிகளின் மேட்டு நிலங்கள் அவற்றின் தாயகம். வரும் வழியில் இமயமலை. ஆய்வாளர்கள் கருவி பொருத்திக் கண்காணித்ததில், 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. இந்த வாத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை மற்ற வாத்துகளுடையதைவிட இறுகப் பற்றுகிறது. சிறகுத் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடர்ந்திருக்கின்றன. எப்போதும் உச்சியிலேயே பறப்பதுமில்லை. மலை ஏறினால் தானும் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, அடர்ந்த காற்றில் வலுவை மிச்சம் பிடிக்கிறது.

1994இல் கூந்தன்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குளத்தைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. கொல்லை மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவர் அந்த வீட்டுக்காரர்தான். போகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, கூட்டிலிருந்து எட்ட நின்று பாருங்கள். திரும்பும்போது உங்கள் ஊர்க் குளத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீரும் மரமும் தொந்தரவு செய்யாத மனிதரும் இருந்தால் அங்கேயும் நாரை இறங்கும்.