உப்புத்தாளை எடுக்கும் முன்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பொங்கலுக்கு பெயின்ட் அடிக்கிற வேலை தொடங்கியதும் வீட்டுக்கு வீடு இதே புலம்பல்தான். போன வருஷம் பார்த்த பட்டி பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உதிராத இடம் டியூப்லைட் வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. பழி பெயின்ட் மேல் விழும். ஆனால் பெயின்டுக்கு இதில் பங்கு குறைவு. தேய்த்தால் சரியாகிவிடும் என்று பட்டியை அப்பிவிட்டு, அப்புறம் உப்புத்தாளோடு மல்லுக்கட்டுகிறோம். பட்டி இழுக்கும்போதே முக்கால்வாசி மட்டம் வந்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், சுவர் ஏன் கெட்டது என்று பார்க்கணும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் ஆவியாகிவிடும்; உப்பு பட்டிக்குப் பின்னால் தங்கி அதை வெளியே தள்ளும். மொட்டைமாடியோ, குளியலறைக் குழாயோ, கசிவை அடைக்காதவரை எந்தக் கம்பெனிப் பட்டியும் நிற்காது. சுவர் காய்ந்த பிறகு உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

அடுத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொப்பென்று சத்தம் வந்தால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதைப் பெயர்த்துவிட்டுக் கலவை வைத்துப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் காட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் விரிசல் வருஷாவருஷம் வந்தால், பூச்சுக்கு அடியில் கோழிவலை கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பழைய செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் ஒத்துவராது. ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும், அங்கே சுண்ணாம்புதான்.

ஆழமான பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பும் சோம்பேறித்தனம் இங்கே சகஜம். வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வெடிக்கும். மயிரிழை விரிசலைத் தகட்டு முனையால் கொஞ்சம் வாய் விரியக் கீறி, தூசியைத் தட்டி, ஈரம் காட்டிவிட்டு அடைக்கணும். பட்டியைத் தோசை மாவைவிடக் கெட்டியாக, கட்டி இல்லாமல், இரண்டு மணி நேரத்தில் தீருகிற அளவு மட்டும் கலக்குங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றித் தளர்த்தினால் அது பிறகு மாவாக உதிரும்.

தகடு பள்ளத்தைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். பிற்பாடு கண்ணில் படுவது பள்ளத்தின் நடு அல்ல, ஒட்டுப்போட்ட ஓரம். அந்த ஓரத்தைச் சுற்றிலும் ஒரு சாண் தூரத்துக்கு மெலிதாக இழுத்துக் கரைத்துவிடணும். முதல் கோட் கீழிருந்து மேலே என்றால், அது காய்ந்தபின் இரண்டாவது குறுக்கே. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் இந்தக் காயும் நேரம்தான் முதலில் காணாமல் போகும்.

சிமென்ட் பட்டியை மறுநாளே தேய்த்துவிட வேண்டும். நாள் போகப் போகக் கல்லாகிவிடும். அக்ரிலிக் பட்டி சுலபமாகத் தேயும், ஆனால் உள்சுவருக்கு மட்டும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்து, நிழல் விழும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்கணும். வெறும் விரலால் பிடித்தால் விரல் அகலத்துக்குக் குழி விழும். மேட்டுக்கு 150 நம்பர், கடைசிக்கு 320 போதும். முகக்கவசம் கட்டாயம். பழைய பெயின்டைச் சுரண்டும் வீடுகளில் இன்னும் கவனம்: வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது நல்லது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தூசியைத் துடைத்து பிரைமர் அடித்ததும், அதுவரை ஒளிந்திருந்த கீறலெல்லாம் தெரியும். பதற வேண்டாம்; அங்கங்கே தொட்டுப் பட்டி வைத்துத் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி பிரைமர் அடித்தால் சரி. அதற்கு மேலும் சுவர் அலையலையாக இருந்தால் பளபளக்கும் பெயின்ட் வேண்டாம், அது எல்லாக் குறையையும் காட்டிக்கொடுத்துவிடும். மேட் ஃபினிஷ் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் விலை கூடிய டப்பாவைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.