‘புராஜெக்ட் பற்றிச் சொல்லுங்க’: ஐ.டி. நேர்காணலில் சறுக்கும் இடம்

சென்னையில் ஐந்தாறு ஆண்டு ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, சர்வீஸ் கம்பெனியிலிருந்து ப்ராடக்ட் கம்பெனிக்குத் தாவ நினைப்பவர்கள் முதலில் திறப்பது லீட்கோட் தளத்தை. ராத்திரி பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, அர்ரே, ஸ்ட்ரிங், ட்ரீ என்று வரிசையாகக் கணக்குப் போடுகிறார்கள். தேவைதான். ஆனால் பலர் சறுக்குவது அதற்கு முன்பே, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் தயார் செய்துகொண்டு போகாத ஒரு கேள்வியில்: “இப்ப இருக்கிற புராஜெக்ட் பற்றிச் சொல்லுங்க.”

வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும். “க்ளையன்ட் ஒரு அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி. டீமில் பதினான்கு பேர். ஜாவா, ஸ்பிரிங் பூட், ஆரக்கிள். அஜைல் முறை. நாங்க க்ளெய்ம் மாட்யூலைப் பார்த்துக்கிறோம்.” பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டீமில் இருக்கும் மற்ற பதின்மூன்று பேரும் இதையே ஒரு சொல் மாறாமல் சொல்ல முடியும். எதிரே இருப்பவர் எடுக்கப்போவது ஒரே ஒரு ஆளை.

இதைத் தன்னடக்கம் என்று சொல்லிவிட முடியாது. வேலை அமைந்திருக்கும் விதமே காரணம். சர்வீஸ் கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்ற கணக்கில் வருகிறது. என்ன கட்ட வேண்டும், ஏன் கட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் க்ளையன்ட் பக்கத்திலேயே முடிவாகிவிடும். இங்கே வந்து சேர்வது டிக்கெட்தான். டிக்கெட்டை முடித்தால் வேலை முடிந்தது. ‘ஏன் இப்படி?’ என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஆறு ஆண்டு ஓடிவிடும். ப்ராடக்ட் கம்பெனி நேர்காணலில் கேட்கப்படுவதோ முக்கால்வாசி அந்த ‘ஏன்’தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் ஓடும் ஒரு பேட்ச் ஜாப் ஆறு மணி நேரம் எடுக்கிறது. அடிக்கடி பாதியில் நின்றுவிடுகிறது. சப்போர்ட்டில் இருப்பவர் ராத்திரி எழுந்து திரும்ப ஓட்டிவிட்டுப் படுக்கிறார். மூன்றாவது மாதம் அவர் லாகைப் பிரித்துப் பார்க்கிறார். ஒரு க்வெரி முழு டேபிளையும் தேடுகிறது என்று தெரிகிறது. இண்டெக்ஸ் போடச் சொல்லி க்ளையன்ட் டி.பி.ஏ.வுக்கு எழுதுகிறார். ஜாப் நாற்பது நிமிடத்தில் முடிகிறது. ரெஸ்யூமில் இவர் போட்டிருப்பது என்ன? ‘எல்2 சப்போர்ட், இன்சிடென்ட் மேனேஜ்மென்ட்.’ நேர்காணலில் அரைமணி நேரம் பேசத் தகுந்த கதை அந்த ஒற்றை வரிக்குள் புதைந்து கிடக்கிறது.

அந்தக் கதையைச் சொன்னால் எதிரே இருப்பவர் விடமாட்டார். இண்டெக்ஸ் போட்டதால் புதிய பதிவுகளை எழுதும் வேகம் குறையவில்லையா? எந்த நெடுவரிசையில், ஏன்? டி.பி.ஏ. முதலில் மறுத்திருப்பாரே, எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? உண்மையில் செய்தவருக்கு இதில் பயம் இல்லை. அடுத்தவர் வேலையைத் தன் கணக்கில் எழுதியவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். தொழில்நுட்ப அறிவை மட்டுமல்ல, ஆள் சொல்வது நிஜமா என்பதையும் இப்படித்தான் தோண்டிப் பார்க்கிறார்கள். அமேசானில் இது ஒரு முறையாகவே இருக்கிறது: அவர்களின் 16 தலைமைக் கொள்கைகளை வைத்து, ‘இப்படி ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். சூழல், பொறுப்பு, செய்த காரியம், கிடைத்த பலன் என்ற வரிசையில் சொல்லச் சொல்கிறார்கள். அந்த வரிசையை மனப்பாடம் செய்வது பத்து நிமிட வேலை. உள்ளே வைக்கச் சம்பவம் வேண்டுமே!

அது நேர்காணலுக்கு முந்தின வாரம் உட்கார்ந்தால் நினைவுக்கு வராது. வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் எது உடைந்தது, எதை மாற்றினோம், எவ்வளவு குறைந்தது அல்லது கூடியது என்று நாலு வரி எழுதிவைப்பவருக்கு ஓராண்டில் ஐம்பது குறிப்பு சேரும். அதில் ஏழெட்டு தேறினால் போதும்; அப்ரைசலுக்கும் அதுவே உதவும். ஒரு எச்சரிக்கை: க்ளையன்ட் பெயர், கோட், டேட்டா எதையும் அந்தக் குறிப்பில் ஏற்றக் கூடாது. ஆபீஸ் மெயிலிலிருந்து சொந்த மெயிலுக்கு எதையும் அனுப்பவும் கூடாது. வேலை மாறப் போய் இருக்கிற வேலையை இழந்தவர்கள் உண்டு.

கோடிங் சுற்றில் கேட்பது விடையை மட்டுமல்ல

லீட்கோட்டின் முதல் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு எண் வரிசையும் ஒரு கூட்டுத்தொகையும் கொடுக்கப்படும். எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் அந்தத் தொகை வரும்? எல்லா ஜோடியையும் கூட்டிப் பார்ப்பது நேர்வழி. வரிசையில் 10,000 எண் இருந்தால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள். மாறாக, பார்த்த ஒவ்வொரு எண்ணையும் ஹேஷ் மேப்பில் போட்டுக்கொண்டே வந்து, ‘இதற்குத் துணை ஏற்கெனவே வந்ததா?’ என்று தேடினால் 10,000 தேடலில் வேலை முடிந்தது. வேகம் கிடைக்கிறது, மெமரி கொஞ்சம் செலவாகிறது.

இரண்டாவது வழியை மனப்பாடமாக எழுதிக்காட்டுபவரைவிட, முதல் வழியைச் சொல்லி, அது ஏன் போதாது என்று கணக்குப் போட்டு, இரண்டாவதற்கு வந்து சேர்பவருக்கு மதிப்பெண் அதிகம். எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஒரே எண் இரண்டு முறை வருமா? மைனஸ் எண் உண்டா? விடையே இல்லாவிட்டால் என்ன திருப்பித் தர வேண்டும்? நிஜ வேலையில் க்ளையன்ட்டிடம் கேட்கும் அதே கேள்விகள்தான் இவை. நேர்காணலில் மட்டும், கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

‘யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள்’ என்பது எல்லாப் பயிற்சியாளரும் தரும் அறிவுரை. தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறியவருக்கு இது இரட்டைச் சுமை. தலைக்குள் தமிழில் ஓடுவதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே கோடும் எழுத வேண்டும். இவர்கள் மட்டும்தான் திணறுகிறார்கள் என்றும் இல்லை. அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் 48 பேரில் ஒரு பகுதியினர் தனி அறையில் கணக்கைப் போட்டார்கள். மற்றவர்கள் நேர்காணல் செய்பவர் பார்த்துக்கொண்டிருக்க, சத்தமாக விளக்கிக்கொண்டே போட்டார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. தனி அறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. பங்கேற்ற பெண்களின் எண்ணிக்கை சிறியது, அதனால் இதை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் இந்தச் சுற்று அளப்பதில் ஒரு பங்கு கோடிங். இன்னொரு பங்கு, ஒருவர் முறைத்துப் பார்க்கும்போது வரும் பதற்றம்.

பதற்றத்துக்கு மருந்து ஆயிரம் கணக்கு போடுவது அல்ல என்பது என் கட்சி. ஐம்பது கணக்கை நண்பர் ஒருவர் எதிரே உட்கார, வாய்விட்டுப் பேசிப் போட்டுப் பழகினால் அதிகப் பலன். இன்னொன்று, ‘ரெண்டு நிமிஷம் யோசிச்சிட்டுச் சொல்றேன்’ என்று கேட்கலாம். அப்படிக் கேட்டவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

சோஹோ போன்ற இடங்களில் பாணியே வேறு. ரயில் முன்பதிவு, கால் டாக்ஸி மாதிரி ஒரு சின்ன அப்ளிகேஷனைச் சில மணி நேரத்தில் கட்டச் சொல்வார்கள் என்பது அங்கே தேர்வுக்குப் போய்வந்தவர்கள் பரவலாகச் சொல்வது. இதற்கு லீட்கோட் மட்டும் போதாது. எதையாவது முழுசாகக் கட்டிப் பார்த்த கை வேண்டும்.

எட்டு ஆண்டு அனுபவத்துக்கு மேல் போனால் சிஸ்டம் டிசைன் சுற்றுதான் எடையைத் தீர்மானிக்கிறது. நீளமான இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவையை வடிவமைக்கச் சொல்வது இதில் அரதப் பழசான கேள்வி. எழுத்தும் எண்ணுமாக 62 குறிகளை வைத்து ஏழு இடம் நிரப்பினால் ஏறக்குறைய 3.5 லட்சம் கோடி முகவரி கிடைக்கும் என்று தொடங்கி, படிப்பது அதிகமா எழுதுவது அதிகமா, கேஷ் எங்கே, ஒரு சர்வர் விழுந்தால் என்ன ஆகும் என்று போக வேண்டும். காஃப்கா, ரெடிஸ், குபர்நெட்டிஸ் என்று பெயர்களை அடுக்குபவர்கள் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகிறார்கள்.

அவர்களும் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்

ஆளை எப்படி அளப்பது என்பதில் கம்பெனிகளுக்கே தெளிவு வந்ததில்லை. ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்ட்டும் பிறகு கூகுளும் புதிர் போட்டார்கள்: ஒரு பஸ்ஸில் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற ரகம். அந்தப் புதிர்களால் எதையும் கணிக்க முடியவில்லை, வெறும் நேர விரயம் என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆய்வாளர்கள் பல ஆண்டாகச் சொல்லிவருவது எளிமையானது: எல்லோரிடமும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த ஒரே மதிப்பீட்டு அளவுகோல். 2022இல் ஆய்வாளர் பால் சாக்கெட்டின் குழு பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோதும், வேலைத்திறனைக் கணிப்பதில் இத்தகைய நேர்காணலே முதலிடத்தில் வந்தது. ஆனால் ‘சும்மா பேசிப் பார்த்தாலே ஆளைத் தெரிஞ்சுக்குவேன்’ என்கிற மேனேஜர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

இப்போது ஏ.ஐ. வந்து இன்னொரு குழப்பம். வீடியோ நேர்காணலில் விடையை ஏ.ஐ. சொல்ல, ஆள் வாசிக்கிறார். இன்னொருவர் பேச, இவர் வாயசைக்கும் ப்ராக்ஸி பழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்ததுதான். 2025 ஜூனில் கூகுளின் சுந்தர் பிச்சை, அடிப்படை அறிவைச் சோதிக்க ஒரு சுற்றாவது நேரில் நடக்கும் என்றார். திரும்பவும் அலுவலகத்துக்குப் போய், பலகையில் எழுதும் காலம். பயிற்சியை வெள்ளைத் தாளிலும் செய்துபார்ப்பது நல்லது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது அடி விழுந்தது பெரும்பாலும் நடு, மூத்த நிலைகளில். கோடிங்கை விட்டு மேனேஜ்மென்ட் பக்கம் போய்ப் பத்து ஆண்டு ஆனவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. இவர்களை ‘ஏன் வெளியே வந்தீங்க?’ என்று கேட்டால், நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். ஆட்குறைப்பு இப்போது யாருக்கும் புதிதல்ல. பழைய மேனேஜரைப் பற்றிக் குறை பேச ஆரம்பித்தால்தான் கதை கெடும்.

18 லட்சம் என்றால் எவ்வளவு?

ஆஃபர் லெட்டரில் இருப்பது சி.டி.சி.; வங்கிக்கு வருவது வேறு. 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்றரை லட்சம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பேசிக் பாதி, 9 லட்சம். அதில் 12 சதவீதம் கம்பெனியின் பி.எஃப். பங்கு, 1,08,000 ரூபாய். கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 43,290 ரூபாய். வேரியபிள் 10 சதவீதம் என்றால் 1,80,000; இது கம்பெனியின் லாபத்தையும் உங்கள் ரேட்டிங்கையும் பொறுத்தது. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,08,000. இதெல்லாம் போனால் மாதம் 1,13,000 ரூபாய்ச் சொச்சம். புதிய வரி முறையில் வருமான வரியும் கழிந்தால் கைக்கு 1,05,000 அளவில் வரும். ஜாயினிங் போனஸையும் முதலாண்டு சி.டி.சி.யில் சேர்த்துக் காட்டுவார்கள். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்டச் சொல்லும் நிபந்தனையும் கூடவே இருக்கும்.

பங்கு கொடுத்தால் அதைச் சம்பளமாக எண்ணாமல் இருப்பது உத்தமம். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் நாஸ்டாக்கில் ஏறியபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனதாகச் செய்தி வந்தது. வெளியீட்டில் 36 டாலராக இருந்த அதே பங்கு பின்னாளில் பாதிக்கும் கீழே இறங்கியது. விற்றவருக்கு ஒரு கதை, காத்திருந்தவருக்கு வேறு கதை.

மிச்சமிருப்பது நோட்டீஸ் பீரியட். பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் 90 நாள். எடுப்பவர்கள் கேட்பதோ ‘இம்மீடியட் ஜாயினர்’. இதனால் கையில் ஆஃபர் இல்லாமலேயே பேப்பர் போட்டுவிட்டுத் தேடும் பழக்கம் வந்துவிட்டது. ஆறு மாதச் செலவுக்குப் பணமும் இ.எம்.ஐ. இல்லாத வாழ்க்கையும் இருந்தால் செய்யலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். மிச்ச நாட்களுக்குப் பணம் கட்டி விடுபட முடியுமா, அதைப் புதிய கம்பெனி ஏற்குமா என்பதை ஆஃபரை ஒத்துக்கொள்ளும் முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். பேப்பர் போட்ட பிறகு வரும் கவுன்ட்டர் ஆஃபர், அதுவரை தர மனமில்லாத பணம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியேறும் நாளில் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், ஃபார்ம் 16 எப்போது வரும் என்ற தகவல், இத்தனையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கெங்கே எந்தத் தேதிவரை வேலை பார்த்தீர்கள் என்பது பி.எஃப். யு.ஏ.என். எண்ணில் பதிவாகியிருக்கும், பின்னணிச் சரிபார்ப்பில் அதைத்தான் ரெஸ்யூமோடு ஒப்பிடுகிறார்கள். பொய் அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகளை நம்பியவர்கள் பிடிபடுவதும் பெரும்பாலும் இங்கேதான். பழைய கம்பெனி உங்கள் வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆன பிறகு இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். பணத்தை எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டு தொடர் பணி முடியும் முன் எடுத்தால் அதற்கும் வரி உண்டு.