கணவர் கையெழுத்திட வேண்டிய படிவம்

ஏ-9 வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் இருக்கிறது கனகராயன்குளம். 2013இல் வந்த விதிப்படி, இங்குள்ள பெண்ணொருத்தி வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போவதென்றால் முதலில் கிராம அலுவலரைப் பார்க்க வேண்டும். பிறகு புளியங்குளத்தில் திரும்பி, நெடுங்கேணியிலுள்ள வவுனியா வடக்கு பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். எல்லாம் 'குடும்பப் பின்னணி அறிக்கை'க்காக. கணவருக்குச் சம்மதமா? கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது? தாய் போனபின் பிள்ளைகளை யார் பார்ப்பது?

2022 வரை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் பயணமே இல்லை என்றிருந்தது. அதே வீட்டு ஆண் கட்டாருக்குப் போக இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடக் கிடையாது.

விதிக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், 2005இல் வயது கூட்டிய கடவுச்சீட்டில் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது அவருக்குப் பதினேழு வயது. பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் தேதி அவருடைய தலை வெட்டப்பட்டது. நாடே கொதித்தது. அரசு சவூதிக்குப் போகும் பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கியது. மத்திய கிழக்கின் மற்ற நாடுகளுக்கு 23. அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. பொய்க் கடவுச்சீட்டு தயாரித்தவர்கள் முகவர்கள்; புதிய கட்டுப்பாடு விழுந்ததோ தாய்மார்மீது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரைத் தடுக்கும் யோசனை 2007இலேயே அமைச்சரவைக்கு வந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்ட ஒன்றுதான்.

வன்னியில் அந்தப் படிவம் இன்னும் மோசமாக இடறியது. கணவர் 2009இல் போரின் முடிவில் காணாமலாக்கப்பட்டிருந்தால் சம்மதக் கையெழுத்து யாருடையது? மரணச் சான்றிதழ் வாங்கினால் காரியம் நடக்கும். ஆனால், ஆளைத் தேடி 2017 முதல் வவுனியாவில் வீதியோரம் போராடிவரும் உறவுகளில் ஒருத்தி, அந்தச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பாள்?

மறுபுறம் கிழமை லோன். குழுவாகச் சேர்ந்து எடுத்த நுண்கடன். தவணை தவறினால் வசூலிக்க வருபவர் படலையில் நிற்பார். 2018இல் இலங்கை வந்த ஐ.நா. கடன் விவகார நிபுணர் ஹுவான் பாப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, வட்டி 220 சதவீதம் வரை போனதையும், வசூலிப்பவர்கள் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்டதையும் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த நெருக்கடிக்குள்தான் உப முகவர் வருகிறார். பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த ஆள். "அறிக்கை கிறிக்கை ஒண்டும் வேண்டாம், விசிட் விசாவில போகலாம்" என்பார். புறப்படும் முன்பே லட்சக்கணக்கில் முற்பணம் தருவார், லோன் அடைபடும். கட்டுநாயக்கவில் கேட்டால் சுற்றுலா என்று சொல்ல வேண்டும். அங்கே போனபின் வேலை ஒத்துவராமல் திரும்ப நினைத்தால், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லாததால் காப்புறுதியும் இல்லை.

இந்த வழி எங்கே போய் முடியும் என்பதை 2022 நவம்பரில் ஓமான் காட்டியது. விசிட் விசாவில் போன இலங்கைப் பெண்கள் விலைபேசி விற்கப்பட்டதாக முறைப்பாடுகள் வெளியாகின. மஸ்கட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே கட்டுநாயக்கவில் கைதானார்.

தப்பித் திரும்புகிறவளை ஊர்வாய் விடாது. "பிள்ளையை விட்டிட்டுப் போனவள்" என்ற பேச்சு அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்த தகப்பனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. முறைப்பாடு கொடுத்தால் எப்படிப் போனாள் என்பதும் வெளியே வருமென்று பயந்து, பொலிசுக்கும் போகாமல் விடுகிறாள். உப முகவருக்கு அதைவிட வசதி வேறென்ன?

2022இல் அமைச்சரவை, பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை 21 ஆகவும் பிள்ளையின் வயதெல்லையை ஐந்திலிருந்து இரண்டாகவும் குறைத்தது. எண்கள் மாறின, கேள்வி மட்டும் தாயிடமே நின்றுவிட்டது. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு, அங்கே கடவுச்சீட்டை யார் வைத்திருப்பார்கள் என்று ஆளனுப்புகிறவரிடம் கேட்கும் படிவம், கனகராயன்குளத்துப் பெண்ணுக்குக் கணவரின் கையெழுத்தைவிட அதிகம் உதவும்.